ஞாயிறு எழும் நாட்டில் நூற்றுக்கு ஒருவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் நடைபெற்ற பட்டிமன்றத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'ஜப்பானின் உயர்வுக்குக் காரணம் உழைப்பா, ஒழுக்கமா?' என்பது தலைப்பு. எதிரணியில் பேசிய நண்பர் ஒருவர், "ஜப்பானியர் மேல்நாட்டாரிடமிருந்து புகைவண்டியைப் பெற்றனர், மின்சாரத்தைப் பெற்றனர், மருத்துவத்தைப் பெற்றனர். ஆனால் அவர்களுடைய மதத்தை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டனர். நூற்றுக்கு ஒருவர்தான் அங்கே கிறிஸ்தவர். அதனால்தான் அவர்கள் தம்மை இழக்காமல் முன்னேறினர்" என்று முழங்கினார். மன்றமே அதிரும்படி கைதட்டினார்கள்.

அடுத்துப் பேசவேண்டியவன் நான். எழுதி வைத்திருந்ததை ஒப்பித்துவிட்டு இறங்கினேன். அவர் சொன்னதற்குப் பதில் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. நான் கடற்கரை ஊரில் பிறந்தவன். கோயில் மணி கேட்டு எழுந்து, சவேரியார் பெயர் சொல்லி வலை இறக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் படிக்க வந்த முதல் ஆள் நான். 'மேல்நாட்டார் மதம்' என்று நண்பர் சொன்னபோது அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை என்பதை அறிவேன். விடுதியில் ஒரே தட்டில் உண்பவர்கள் நாங்கள். ஆயினும் எங்கோ தைத்தது. ஜப்பானில் உண்மையில் நடந்தது என்ன என்று அறிய இவ்வாண்டு முழுவதும் நூலகத்தில் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். படித்தபின் எனக்குத் தோன்றுவதையே இங்கு எழுதுகிறேன். வரலாற்று மாணவர்கள் பொறுத்தருள்க.

முதலில் அந்த நாட்டைப் பார்ப்போம். நான்கு பெருந்தீவுகள், ஆயிரக்கணக்கான சிறு தீவுகள். நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மலையும் காடும். எரிமலை ஒருபுறம், நிலநடுக்கம் ஒருபுறம், ஆண்டு தவறாத சூறாவளி ஒருபுறம். எஞ்சிய சமவெளியில்தான் 12 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் உழுதும் உழைத்தும் வாழ்கின்றனர். மலைக்கும் மரத்துக்கும் அருவிக்கும் தெய்வம் உண்டு என்று நம்பும் ஷிந்தோ அவர்களுடைய பழைய நெறி. ஆறாம் நூற்றாண்டில் கொரியா வழியாகப் பௌத்தம் அங்கே நுழைந்தது. புத்தர் எந்த ஊர்க்காரர்? நம் நாட்டுக்காரரல்லவா? அயல்நாட்டு மதத்தை ஜப்பானியர் வாசலில் நிறுத்துபவர்கள் என்றால் நாராவிலும் கியோட்டோவிலும் அத்தனை புத்தர் கோயில்கள் எழுந்தது எப்படி? ஆகவே 'அயல்' என்பதற்காகவே ஒன்றைத் தள்ளும் மக்கள் அல்லர் அவர்கள். இந்த ஒரு செய்தியே நண்பரின் வாதத்தில் முதல் ஓட்டை.

இனி, சவேரியார். 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து, கையில் மணியடித்துக் கொண்டு தெருத் தெருவாகச் சென்று, மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, சிறுவர்களுக்கு மனப்பாடமாகக் கற்பித்தவர் பிரான்சிஸ் சவேரியார். அதே மனிதர்தான் 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் தென்கோடியில் உள்ள ககோஷிமாவில் கரையிறங்கினார். வழிகாட்டி, மலாக்காவில் அவருக்கு அறிமுகமான அஞ்சிரோ என்னும் ஜப்பானியர். எங்கள் கரையிலும் அந்தக் கரையிலும் நடந்தவர் ஒருவரே என்பதைச் சிறுவயதில் ஆச்சி சொல்லிக் கேட்டபோது நான் நம்பவில்லை. "இங்கன இருந்து சப்பானுக்குப் போனாரு மக்கா" என்பாள். ஆச்சிக்குச் சப்பான் என்றால் இலங்கைக்குச் சற்று அப்பால்.

இங்கே அவர் கண்டது பாமர மீனவர்களை. அங்கே கண்டது கேள்வி கேட்கும் மக்களை. சவேரியாரே தம் கடிதங்களில் ஜப்பானியரின் அறிவையும் மானவுணர்வையும் வியந்து எழுதியிருக்கிறார். தொடக்கத்திலேயே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கடவுளைக் குறிக்க என்ன சொல் என்று கேட்டதற்கு அஞ்சிரோ 'டைநிச்சி' என்ற சொல்லைக் கொடுத்தார். அது ஒரு பௌத்தப் பிரிவினர் வணங்கும் புத்தரின் பெயர்! சவேரியார் அதைச் சொல்லிப் போதிக்க, மக்களும், 'புத்தர் பிறந்த இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், புதிய பௌத்தக் கிளை போலும்' என்று எண்ணினர். தவறு தெரிந்ததும் அவர் அச்சொல்லை விட்டு, 'தேயுஸ்' என்ற இலத்தீன் சொல்லையே கையாளத் தொடங்கினார். ஒரு சொல்லுக்குள் எத்தனை கடல் இருக்கிறது பாருங்கள்!

வேடிக்கையல்லாத கேள்வி ஒன்றும் எழுந்தது. "ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன எங்கள் தாய் தந்தையர், பாட்டன் பூட்டன் எங்கே?" என்று அவர்கள் கேட்டனர். அவர்களுக்கு மீட்பில்லை என்று சவேரியார் சொன்னபோது அவர்கள் அழுதனர் என்பதை அவரே வருத்தத்தோடு எழுதி வைத்துள்ளார். முன்னோரின் கல்லறையும் அவர்களுக்குச் செய்யும் சடங்குமே குடும்பத்தின் அச்சாணியாக இருக்கும் நாடு அது. தனியொருவன் புதிய நெறியை ஏற்கலாம். ஆனால் பாட்டனை நரகத்தில் விட்டுவிட்டு ஏற்பது எப்படி? நவம்பர் 2 அன்று எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் எவருக்கும் இந்தக் கேள்வி புரியும். ஜப்பானில் கிறிஸ்தவர் தொகை பெருகாமைக்கு அறிஞர்கள் பற்பல காரணம் கூறுவர். என்னைக் கேட்டால் அந்தக் கண்ணீருக்கே முதலிடம் தருவேன்.

ஆனாலும் மதம் வாசலில் நிற்கவில்லை, உள்ளே சென்றது. 1551-இல் சவேரியார் திரும்பிவிட்டார்; அடுத்த ஆண்டே சீனக் கரையோரத் தீவொன்றில் உயிர்நீத்தார். பின்வந்த பாதிரிமார் காலத்தில் 1563-இல் ஓமுரா சுமிதாதா என்னும் குறுநில மன்னர் ஞானஸ்நானம் பெற்றார். 1582-இல் நான்கு சிறுவர்கள் தூதுவராகக் கப்பலேறி, கோவா வழியாக ரோமாபுரி சென்று போப்பாண்டவரைக் கண்டு, 1590-இல் ஓர் அச்சுப்பொறியுடன் திரும்பினர். போர்த்துகீசிய ஞானோபதேச நூல் ஒன்று 1579-இல் கொச்சியில் தமிழில் அச்சேறியது. அதே நூலின் வழிவந்த ஜப்பானியப் பதிப்பு 1590-களின் தொடக்கத்தில் அங்கே வெளியாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமார் 3 இலட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தனர் என்று மதிப்பிடுகின்றனர்.

பிறகு ஏன் அழிந்தது? இங்கே நான் என் கட்சிக்காக உண்மையை மறைக்கக் கூடாது. பாதிரிமாரோடு கூடவே வணிகரும் துப்பாக்கியும் வந்தன. கிறிஸ்தவர்களான சில குறுநில மன்னர்கள் தம் நாட்டில் புத்தர் கோயில்களையும் ஷிந்தோ ஆலயங்களையும் இடித்தனர். போர்த்துகீசிய வணிகர்கள் ஜப்பானியரை அடிமைகளாக வாங்கி ஏற்றிச் சென்றனர். 1587-இல் பாதிரிமாரை வெளியேறச் சொன்ன டொயோடோமி ஹிடெயோஷி அதைச் சுட்டிக் கேட்டார். பிலிப்பைன்ஸ் தீவுகள் ஸ்பெயினிடம் வீழ்ந்த செய்தியும் அவர்களுக்குத் தெரியும். 'முதலில் சிலுவை, பின்னர் பீரங்கி' என்று ஆட்சியாளர் அஞ்சியதில் நியாயமே இல்லை என்று யார் கூறுவார்? அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அச்சத்தின் விலையைக் கொடுத்தவர்கள் போர்த்துகீசியர் அல்லர். நாகசாகிப் பக்கத்து உழவரும் மீனவரும்.

1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா மேட்டில் 26 பேர் சிலுவையில் அறைந்து கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் ஜப்பானியர், அவர்களுள் சிறுவரும் உண்டு. நம் நாட்டின் வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். 1614-இல் டொகுகாவா ஆட்சி நாடெங்கும் மதத்தைத் தடை செய்தது. 1637-இல் ஷிமபாராவில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கொடிய வரியும் பஞ்சமும் அவர்களை எழுப்பின. சிலுவைக்கொடி அவர்களை ஒன்று சேர்த்தது. தலைவன் அமாகுசா ஷிரோவுக்கு வயது 16 அளவுதான் இருக்கும். ஹாரா கோட்டையில் அடைபட்டவர்கள் ஏறத்தாழ எல்லோரும் கொல்லப்பட்டனர்; 37,000 பேர் வரை என்பர். அக்கோட்டையைச் சுடுவதற்கு டச்சுக் கப்பலும் உதவியது என்பதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்களும் கிறிஸ்தவர்களே!

1639-இல் போர்த்துகீசியர் விரட்டப்பட்டனர். நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்னும் சிறு தீவில் டச்சுக்காரருக்கு மட்டும் இடம் கிடைத்தது. இங்கே நண்பருக்கு ஒரு கேள்வி. கதவைச் சாத்தியபோது மதம் மட்டுமா வெளியே நின்றது? அறிவியலும் சேர்ந்தல்லவா நின்றது! மேல்நாட்டு நூல்களின் மீதிருந்த தடை 1720-இல்தான் தளர்த்தப்பட்டது. மதத்தை நிறுத்திவிட்டு அறிவியலை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டனர் என்பது மேடைக்கு இனிக்கும். ஏட்டில் அப்படி இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

தடைக்குப் பின்னர் ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு புத்தர் கோயிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றாயிற்று. ஐந்து ஐந்து வீடுகளாகச் சேர்த்து, ஒரு வீட்டில் குற்றம் கண்டால் ஐந்தையும் தண்டித்தனர். காட்டிக்கொடுப்பவருக்கு வெள்ளிப் பரிசு என்று பலகை நட்டனர். நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் மக்களை வரிசையாக நிறுத்தி, இயேசு அல்லது மாதாவின் உருவத்தைக் காலால் மிதிக்கச் செய்தனர். 'ஃபூமியே' என்பது அதன் பெயர். முதலில் தாளில் வரைந்த படம். அது கிழிந்துபோகவே, மரத்தில் பதித்த வெண்கலத் தகடு. அந்தத் தகடுகள் சில இன்றும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் புகைப்படத்தைப் பார்த்தேன். முகம் தேய்ந்து மழுங்கியிருக்கிறது. எத்தனை ஆயிரம் பாதங்கள்!

மிதிக்க மறுத்தவர்கள் உண்டு. அவர்களைக் கொதிக்கும் உன்சென் வெந்நீரூற்றில் வாட்டினர். குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டனர். அவர்களுக்கு வணக்கம். ஆனால் என் மனம் மிதித்தவர்களைச் சுற்றியே வருகிறது. அவர்கள் மிதித்தனர், வீட்டுக்குத் திரும்பினர், கதவை அடைத்துக்கொண்டு மனத்துயர் மந்திரத்தை முழங்காலில் நின்று சொல்லினர். புத்தர் கோயில் துறவி வந்து இறந்தவருக்கு மந்திரம் ஓதுவார்; அடுத்த அறையில் அந்த ஓதலின் பலனை நீக்கும் செபம் தாழ்ந்த குரலில் நடக்கும். குழந்தையை மடியில் ஏந்திய கன்னோன் என்னும் பௌத்த உருவத்தை வைத்து, அதையே மாதாவாக வணங்கினர். பாதிரியார் இல்லை. கோயில் இல்லை. நூல் வைத்திருந்தால் தலை போகும். ஊரில் ஒருவர் நாள்கணக்கு வைத்திருப்பார், இன்னொருவர் ஞானஸ்நானம் கொடுப்பார், அவ்வளவே திருச்சபை. ஏழு தலைமுறை கழித்துக் கருப்புக் கப்பலில் பாதிரிமார் வருவர் என்று பாஸ்தியான் என்னும் உபதேசியார் சொல்லிச் சென்றதாக ஒரு வாக்கு மட்டும் வாய் வழியாக வந்துகொண்டிருந்தது.

இப்படி 200 ஆண்டுகளுக்கு மேல்!

எண்டோ ஷூசாக்கு 1966-இல் எழுதிய 'மௌனம்' என்ற நாவல் இந்த மிதித்தவர்களைப் பற்றியதுதான். அது வெளிவந்தபோது, மதத்தை மறுதலித்தவர்களுக்குப் பரிந்து பேசுகிறார் என்று கிறிஸ்தவர்களே அவரைக் கடிந்தனர். நான் எண்டோவின் பக்கம். மிதிக்காமல் எல்லோரும் மாண்டிருந்தால் 1865-இல் அந்தப் பெண் வந்து நின்றிருக்க மாட்டாள்.

அது என்ன கதை? 1853-இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்து கதவைத் தட்ட, பின்னர் ஒப்பந்தங்கள் ஆயின. அயல்நாட்டவர் தமக்கெனக் கோயில் கட்டிக்கொள்ளலாம். ஜப்பானியருக்குத் தடை தடைதான். நாகசாகியில் ஓவுரா என்னுமிடத்தில் பிரெஞ்சுப் பாதிரியார் பெர்னார் பெத்திழான் ஒரு கோயில் எழுப்பியிருந்தார். 1865 மார்ச் 17. உராகாமிச் சிற்றூரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்ப்பவர்கள் போல வந்து நின்றனர். பாதிரியார் முழந்தாளிட்டிருந்தார். ஒரு பெண் அவரருகே வந்து, நெஞ்சில் கைவைத்து, உங்கள் உள்ளமும் எங்கள் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள். மாதா சொரூபம் எங்கே என்று கேட்டாள். பேச்சோடு பேச்சாக, தாங்கள் இப்போது துக்க காலத்தில் பதினேழாம் நாளில் இருப்பதாக அவர்கள் கூறினர்.

இந்தப் 'பதினேழாம் நாளை' நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 1865-இல் ஈஸ்டர் ஏப்ரல் 16. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சாம்பல் புதன் மார்ச் 1. அன்று முதல் எண்ணினால் மார்ச் 17 சரியாகப் பதினேழாம் நாள்! எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள், பாதிரியாரின் முகத்தையே பார்த்திராதவர்கள், ஏழு தலைமுறையாக நாள் பிசகாமல் எண்ணியிருக்கிறார்கள். விடுதி அறையில் நள்ளிரவில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பக்கத்துக் கட்டிலில் தூங்கிய பட்டிமன்ற நண்பரை எழுப்பிக் காட்டினேன். காலையில் பேசிக்கொள்வோம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெளிப்பட்டதற்கு விலையும் இருந்தது. 1867-இல் உராகாமிக் கிறிஸ்தவர்கள் கைதாயினர். மறு ஆண்டு ஆட்சி மாறி மெய்ஜி அரசு வந்தது. புகைவண்டியும் தந்தியும் கொண்டுவந்த அதே மெய்ஜி அரசுதான் 3,400 பேர் அளவில் ஊரோடு பெயர்த்து நாடெங்கும் சிதறடித்தது. ட்சுவானோ என்னும் மலையூரில் அவர்களைப் பனி உறைந்த குளத்தில் இறக்கினர். நிற்கவும் படுக்கவும் முடியாத கூண்டில் அடைத்தனர். 600-க்கும் மேற்பட்டோர் மீளவில்லை. மேல்நாட்டு அரசுகளின் கண்டனம் வலுக்கவே, 1873-இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்டன. எஞ்சியவர்கள் ஊர் திரும்பினர். திரும்பியவர்கள் அந்தத் துன்பத்துக்கு வைத்த பெயர் 'பயணம்'. வேறொன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் தம்மை வரிசையில் நிறுத்தி மிதிக்கச் செய்த ஊர்த்தலைவரின் வீட்டு நிலத்தையே பின்னர் விலைக்கு வாங்கி, அங்கே 1895-இல் கோயில் எழுப்பத் தொடங்கி, 1914-இல் முடித்தனர்.

எல்லோரும் பாதிரிமாரிடம் திரும்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இகித்சுகித் தீவிலும் வேறு சில இடங்களிலும் ஒரு பகுதியினர், 'எங்கள் முன்னோர் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே வைத்துக்கொள்கிறோம்' என்று ஒதுங்கிவிட்டனர். அவர்கள் சொல்லும் செபத்துக்கு 'ஒராஷோ' என்று பெயர்; இலத்தீன் சொல்லின் சிதைவு அது. ஓதுகிற பலருக்கும் அதன் பொருள் தெரியாது. அவர்கள் பாடும் 'குருரியோசா' என்ற பாட்டு எங்கிருந்து வந்தது என்று இசை ஆய்வாளர் மினகவா தட்சுவோ ஐரோப்பிய நூலகங்களில் தேடினார். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுப் பாடற்சுவடியில் மாதாவைப் புகழும் இலத்தீன் பாட்டு ஒன்று அகப்பட்டது. ஸ்பெயினில் மறந்துபோன இராகம் ஜப்பானிய மீனவர் வாயில் உயிரோடிருந்தது! திருந்திய மந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதை வேண்டாம் என்றவர்களைப் பிடிவாதக்காரர் என்று சில பாதிரிமார் நினைத்தனர். நானும் ஓராண்டுக்கு முன் அப்படித்தான் நினைத்திருப்பேன். இன்று அவர்களுள் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டனர். 2018-இல் நாகசாகிப் பகுதியின் 12 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இடத்துக்குப் பெருமை வந்தது. ஓத ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

படித்த வகுப்பாரிடம் மதம் வேறு வழியில் புகுந்தது. சப்போரோ வேளாண் கல்லூரியில் படித்த உச்சிமுரா கன்சோ 1878-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் படிப்பில் சிறப்புப் பெற்ற துறை மீன்வளம் என்பதை விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் பெருமையோடு குறிப்பிடவேண்டும். 1891-இல் அவர் ஆசிரியராக இருந்த பள்ளியில், பேரரசரின் கையொப்பமிட்ட கல்வி ஆணையின் முன் எல்லோரும் தாழ்ந்து வணங்க, அவர் தயங்கித் தலையை மட்டும் சற்றே அசைத்தார். நாடே துரோகி என்றது. வேலை போயிற்று. அவ்வாண்டே மனைவியும் இறந்தார். ஆனால் அவர் மேல்நாட்டுப் பாதிரிமாரின் பணத்தையும் கட்டளையையும் ஏற்க மறுத்தவர். இயேசு, ஜப்பான் இரண்டையும் தான் நேசிப்பதாகச் சொன்னவர். கட்டடமும் குருவும் சடங்கும் வேண்டாத 'கோயிலில்லாத' கிறிஸ்தவத்தைத் தொடங்கியவர். உராகாமி உழவர்களுக்கு வேறு வழியின்றி வாய்த்த நிலையை இவர் விரும்பி மேற்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். கோபே நகரச் சேரியில் 1909-இல் தம் இருபத்தொன்றாம் வயதில் குடியேறி, பின்னாளில் தொழிற்சங்கமும் கூட்டுறவும் வளர்த்த ககாவா தோயோஹிகோவும் கிறிஸ்தவரே. பெண்கல்விக்கு 1900-இல் கல்லூரி நிறுவிய த்சுதா உமேகோவின் முகம் 2024 முதல் அவர்களுடைய 5,000 யென் தாளில் இருக்கிறது. கதயாமா டெட்சு, ஓஹிரா மசயோஷி, அசோ தாரோ, இஷிபா ஷிகெரு எனக் கிறிஸ்தவரான பிரதமர்கள் பலர் ஆண்டிருக்கின்றனர். நூற்றுக்கு ஒருவர் உள்ள நாட்டில் இது சிறிய செய்தியா?

ஆயினும் படித்தவர்கள் எப்போதும் நிமிர்ந்தே நின்றார்கள் என்று சொல்ல முடியாது. போர்க்காலத்தில், 1941-இல் புராட்டஸ்டண்டு சபைகளை அரசு ஒன்றாகக் கட்டியபோது அவை பெரும்பாலும் இணங்கின, போருக்கும் துணைநின்றன. அந்தத் தவற்றை அச்சபை 1967-இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

1945 ஆகஸ்டு 9, முற்பகல் 11 மணி 2 நிமிடம். அமெரிக்க விமானம் நாகசாகியில் போட்ட அணுகுண்டு உராகாமியின் மேல் வெடித்தது. மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாக அவ்வேளையில் கோயிலில் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் எவரும் பிழைக்கவில்லை. அப்பங்கின் 12,000 கிறிஸ்தவர்களில் 8,500 பேர் வரை மாண்டனர். 200 ஆண்டு வாள்முனை செய்யாததை ஒரு கணம் செய்தது. விமானத்தை ஓட்டியவரும் கத்தோலிக்கரே. கதிரியக்க மருத்துவர் நாகாய் தகாஷி அங்கே தம் மனைவியை இழந்தார். அந்த அம்மையார் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் தலைவர் குடும்பத்தில் பிறந்தவர். சில மாதங்கள் கழித்து, இடிபாடுகளுக்கிடையே நடந்த நினைவுத் திருப்பலியில் நாகாய், இது இறைவனுக்கு அளித்த தகனபலி என்று பேசினார். மனைவியின் எலும்பைத் தாமே பொறுக்கியெடுத்த மனிதர் அவர். அவர் துயரை அளக்க நான் யார்? இருந்தாலும் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. குண்டைச் செய்தவர்களும் ஏவியவர்களும் மனிதர்கள். 1981-இல் ஹிரோஷிமாவுக்கு வந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான்பால், போர் மனிதனின் செயல் என்று சொன்னார். அதுவே எனக்குச் சரி.

இடிபாட்டிலிருந்து ஒரு மணி முழுசாகக் கிடைத்தது, மற்றொன்று நொறுங்கிப்போயிற்று. கோயில் 1959-இல் மீண்டும் எழுந்தது. நொறுங்கிய மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பொருள் திரட்டி ஒரு மணி வார்த்து அனுப்ப, 2025 ஆகஸ்டு 9 அன்று எண்பது ஆண்டுகளுக்குப் பின் இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

இன்றும் ஜப்பானில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருக்கின்றனர். கிறிஸ்துமஸ் விடுமுறை கிடையாது. ஆனால் அன்று வறுத்த கோழியும் செம்புற்றுப்பழக் கேக்கும் வாங்கக் கடைகளில் வரிசை நிற்கும். கிறிஸ்தவர் அல்லாத பலரும் சிற்றாலயத்தில் வெள்ளையாடை உடுத்தி மணம் செய்துகொள்வர்; பின்னர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. வாள் வந்தபோது விடாதவர்களும் அவர்களே. வாசல் திறந்தபின் கூட்டமாய் நுழையாதவர்களும் அவர்களே. வற்புறுத்தலுக்கு வளையாத மக்கள் நயந்து அழைத்தாலும் தமக்குத் தோன்றினால்தான் வருவர். இதைத் தோல்வி என்று பாதிரிமாரும், வெற்றி என்று பட்டிமன்றப் பேச்சாளரும் கணக்கெழுதுவது எனக்கு ஒப்புதலில்லை. நூற்றுக்கு ஒருவர் என்ற அந்த ஒருவருக்குள் 1865-இன் அந்தப் பெண்ணும் இருக்கிறாளே, அவளை எந்தப் புள்ளிவிவரத்தில் அடக்குவது? இந்தக் கட்டுரையை முதலில் படித்தவர் பட்டிமன்ற நண்பர்தான். பாதியை ஒப்புக்கொண்டார், மீதியை அடுத்த ஆண்டு மன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

இத்தவக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. செபங்கள் எல்லாம் அவளுடைய ஆச்சி சொல்லிக் கொடுத்தவை. கோயிலில் எல்லோரும் 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லும்போது அவள் மட்டும் பழைய 'பிரியதத்த' மந்திரத்தையே சொல்வாள். நடுவே சில சொற்கள் தேய்ந்தும் மாறியும் இருக்கும். மேல்நிலைப் பள்ளிக்குப் போன நாளிலிருந்து நான் அவளைத் திருத்திக்கொண்டிருந்தேன். "அது தப்பு ஆச்சி, இப்படிச் சொல்லு" என்பேன். இரண்டு நாள் என் விருப்பத்துக்குச் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் தன் வழிக்கே போய்விடுவாள்.

அன்று மாலை விளக்கு வைத்தபின் செபமாலையோடு திண்ணையில் அமர்ந்தாள். அப்பா கடலுக்குப் போயிருந்தார். நான் அருகில் போய் உட்கார்ந்து, அவள் மந்திரத்தையே அவளோடு சேர்ந்து சொன்னேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது மணியில் ஒரு சொல்லில் நான் தடுமாறினேன்.

"அப்படி இல்ல மக்கா" என்றாள் ஆச்சி. "மொதல்ல இருந்து சொல்லு."